வயிறு என்ற சொல்லின் இரண்டாவது பெட்டி

நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்த அகராதிக் கூடத்திலிருந்து இந்த வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. சீட்டுகள் எல்லாம் படம் பிடிக்கப்பட்டுக் கணினிக்குள் போய்விட்டனவாம். நாற்பத்தெட்டு அலுமாரிகளையும் அகற்றப் போகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தந்தால் ஒரு சிறு மலர் போடுவார்களாம். ஜேர்மன் மொழியில் சரியாக இரண்டு பக்கம், எழுபத்தொரு வரி எழுதினேன். அதில் ஒரு வரி இது: "வயிறு என்ற சொல்லுக்கான இரண்டாவது பெட்டி ஒருமுறை தொலைந்தது, மீண்டும் தொகுத்தோம்."

தபாற்பெட்டியில் உறையைப் போட்ட பிறகு, கையை உள்ளே விட்டு அதை எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. தொலைந்தது உண்மை, தொகுத்ததும் உண்மை. எப்படித் தொலைந்தது என்பதுதான் அதில் இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் குருமடத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். கிரேக்கமும் லத்தீனும் அங்கே வந்தவை. குருவாகாமல் வெளியேறினேன், ஆசிரியரானேன், கல்யாணம் கட்டினேன், பிறகு எல்லோரையும் போல ஓடி வந்தேன். அகதி விடுதியில் பதினேழு மாதம். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, அங்கே சாப்பிட வந்த பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவரின் கையிலிருந்த கிரேக்கப் புத்தகத்தின் அட்டையை நான் வாய்விட்டு வாசித்துவிட்டேன். அதனால்தான் அகராதிக் கூடத்துக்குள் நுழைந்தேன். முதலில் மணிக்கணக்கு வேலை. பிறகு ஓராண்டு ஒப்பந்தம். ஒவ்வொரு மார்கழியிலும் அதைப் புதுப்பிப்பார்களா இல்லையா என்று தெரியாமல் ஆறு மார்கழிகள் கழித்தேன்.

அங்கே செய்த வேலை இதுதான். பண்டைக் கிரேக்கச் சொல் ஒன்று பழைய நூல்களில் எங்கெங்கே வருகிறதோ, அந்த இடத்தை அதன் வரியோடு ஒரு சீட்டில் எழுத வேண்டும். உள்ளங்கை அளவுச் சீட்டு. ஓர் இடத்துக்கு ஒரு சீட்டு. அவற்றை முதலில் சொல்லின் உருவப்படி பெட்டிகளில் அடுக்குவோம். பிறகு மேசையில் பரப்பிப் பொருள்படி பிரிப்போம். கடைசியில்தான் அகராதியில் வரும் கட்டுரையை எழுதுவது. அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்தால் அதன் இடத்தில் எடுத்தவர் பெயரோடு சிவப்பு அட்டை வைக்க வேண்டும். சீட்டு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. நிலத்தில் எதையும் வைக்கக் கூடாது. ஏனென்றால் மேசையில் இருப்பதைத் துப்புரவாளர் தொடமாட்டார். நிலத்தில் இருப்பதெல்லாம் குப்பையோடு போகும்.

எங்கள் மேலாளர் டாக்டர் லிண்டெமான் என்ற அம்மையார். சீட்டைத் தொடுமுன் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். ஒரு நாளில் பதினான்கு முறை கழுவியதை எண்ணியிருக்கிறேன். குரலை உயர்த்தியதே இல்லை. நாம் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "கண்டீர்களா, நினைத்தீர்களா?" கண்டேன் என்றால் சீட்டைக் காட்ட வேண்டும். நினைத்தேன் என்றால் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்வார். அந்த மௌனத்துக்கு ஏச்சே மேல்.

ஐந்தாவது ஆண்டில் ஒரு முழுச் சொல்லை எனக்குத் தந்தார். அதுவரை அரைச் சொற்கள், பிறர் எழுதியவற்றைச் சரிபார்த்தல், அவ்வளவுதான். 'காஸ்டேர்' என்ற சொல். வயிறு. அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள், மூன்று பெட்டிகள்: இருநூற்று மூன்று, நூற்று எண்பத்தேழு, இருநூற்று இருபத்திரண்டு.

அழகான சொல் அது. கிரேக்கத்தில் தந்தை, தாய், மகள் என்ற மூன்று சொற்களும் வேற்றுமை ஏற்கும்போது நடு உயிரை இழந்து (உயிரெழுத்தை) ஒரே விதமாகச் சுருங்கும். நான்காவதாக அந்தக் குடும்பத்தில் வந்து உட்கார்ந்திருப்பது வயிறு. எழுவாயாக நின்றால் காஸ்டேர். வயிற்றை என்றால் காஸ்டெரா. அதுவரைக்கும் உயிர் நிற்கும். வயிற்றின் என்றால் காஸ்ட்ரோஸ், வயிற்றில் என்றால் காஸ்ட்ரி. இங்கே விழுந்துவிடும். காப்பியம் பாடியவர்களுக்கு அசை தேவைப்பட்டால் விழுந்ததைத் தூக்கி நிறுத்திக் காஸ்டெரோஸ், காஸ்டெரி என்பார்கள். பொருளோ ஆறு. ஆடைக்கு வெளியே தெரியும் வயிறு. உணவு போய்ச் சேரும் இரைப்பை. மனிதனை இழிசெயலுக்கு இழுக்கும் பசி. பிள்ளை தங்கும் கருப்பை. கொழுப்பும் இரத்தமும் அடைத்துத் தீயில் வாட்டும் ஆட்டு வயிறு. கடைசியாக, கேடயத்தின் புடைத்த நடுப்பகுதி.

இரண்டாவது பெட்டி முழுவதும் காஸ்ட்ரி. 'வயிற்றில் கொண்டிருத்தல்' என்றால் கர்ப்பமாயிருத்தல். அதை இரைப்பையின் கீழ் வைப்பதா, கருப்பையின் கீழ் வைப்பதா என்று மூத்தவர்கள் இருவர் வாதாடினார்கள். "என் மொழியிலும் வயிற்றில் பிள்ளை என்றுதான் சொல்வோம், உறுப்பைப் பிரிப்பதில்லை" என்றேன் நான். லிண்டெமான் கண்ணாடியைக் கழற்றினார். "அது தமிழுக்குச் சாட்சி. கிரேக்கத்தில் கண்டீர்களா?" என்றார். மூன்று நாள் தேடி ஒன்பது சீட்டுகளைக் காட்டினேன். அப்போதுதான் முதன்முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்கு இரண்டு முறை செய்து காட்டினேன்.

எங்கள் மாடியைத் துப்புரவு செய்ய மாலை நாலரைக்கு ஒரு தமிழ்ப் பெண் வருவார். தவமணி. சுன்னாகத்துப் பக்கம். என்னை விட ஒன்பது வயது இளையவர். வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. கணவன் கணேசலிங்கம் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு, இங்கே வர விசாவுக்காகக் காத்திருந்தார். தவமணிக்கு நிரந்தரமான வேலை இருக்கிறது என்ற கடிதம் இருந்தால்தான் அந்த விண்ணப்பம் நகரும். ஜேர்மன் மொழியில் அப்போது அவருக்குக் காலை வணக்கமும் நன்றியும் மட்டுமே தெரியும். முதல் நாள் வாசலில் நின்று அறையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, இதிலை எது குப்பை, எது சாமான்? எல்லாம் கடுதாசியாக் கிடக்கு."

"மேசையிலை இருக்கிறது சாமான், தங்கச்சி. நிலத்திலை இருக்கிறது குப்பை. இவ்வளவும் விளங்கினாப் போதும்."

"அப்ப நீங்கள் நிலத்திலை இருந்தா உங்களையும் அள்ளிக்கொண்டு போகலாமோ?"

இப்படித்தான் பேசுவார். நான் மேசை மேல் குவியல்களைப் பரப்பத் தொடங்கியபோது, என்ன செய்கிறேன் என்று கேட்டார். வயிறு என்ற சொல்லுக்கு ஆறு கருத்து, அவற்றைப் பிரிக்கிறேன் என்றேன்.

"ஆறோ? எனக்கு ஒண்டுதான் தெரியும், பசி. எத்தினை மாதமாப் பிரிக்கிறியள்?"

"எட்டு."

"இன்னும் ரெண்டு மாதத்திலை பிள்ளையே பிறந்திடும் அண்ணை."

அந்த வியாழக்கிழமை முதல் பெட்டியையும் மூன்றாவது பெட்டியையும் மேசையில் கொட்டி ஆறு குவியலாக அடுக்கியிருந்தேன். மேசையில் ஒரு கை வைக்கக்கூட இடமில்லை. இரண்டாவது பெட்டியைத் திறக்கவில்லை. அதை நிலத்தில் வைத்தேன். குப்பைக் கூடைக்கு ஒரு சாண் தள்ளி. ஐந்து நிமிடத்துக்கு என்று நினைத்தேன். அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நாலரைக்கு எனக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம் குறித்திருந்தது. அதைத் தவறவிட்டால் மறுபடி இரண்டு மாதம் காக்க வேண்டும். மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடினேன். பெட்டி நினைவுக்கு வந்தது மறுநாள் காலை, அறைக்கதவைத் திறந்தபோது. நிலம் துடைத்துப் பளபளவென்று இருந்தது. கடுதாசிக் குப்பை ஏற்றும் வண்டி வெள்ளிக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு வந்து போய்விடும். அப்போது எட்டு ஐந்து.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இதை நான் தெளிவாக எழுத வேண்டும். பிறகு விளங்கியது, சந்தேகமாக இருந்தது என்றெல்லாம் இல்லை. அந்தக் கணமே விளங்கியது. ஆனாலும் இரண்டு மணி நேரம் அலுமாரிகளைத் தேடுவது போல நடித்தேன். பிறகு லிண்டெமானிடம் போனேன்.

"எங்கே வைத்தீர்கள்?"

"மேசையில்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கண்டீர்களா, நினைக்கிறீர்களா?"

"கண்டேன்" என்றேன்.

அது கார்த்திகை மாதம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஐந்து வாரம் இருந்தது. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இவற்றைக் காரணமாக எழுதுகிறேன், ஆனால் முழுக் காரணம் இவையல்ல. அந்தத் தலையசைப்பை இழக்க எனக்கு மனமில்லை.

அன்று மாலை தவமணி வழக்கம் போல வந்தார். லிண்டெமானின் அறையில் துப்புரவு நிறுவனத்தின் கண்காணிப்பாளரும் இருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர் நாங்கள் இருவர்தான். நாற்காலிகள் நான்கு இருந்தன. தவமணி மட்டும் உட்காரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் நின்றார்.

"ஒரு சாம்பல் நிறப் பெட்டி, இவ்வளவு நீளம். நேற்று அதைக் கண்டாரா என்று கேளுங்கள்" என்றார் லிண்டெமான்.

கேட்டேன்.

"சப்பாத்துப் பெட்டி மாதிரி ஒண்டோ? ஓம் அண்ணை, எறிஞ்சனான். அது நிலத்திலை, கூடைக்குப் பக்கத்திலை எல்லோ இருந்தது. நிலத்திலை இருக்கிறது குப்பை எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்? ஏன், அது சாமானோ?"

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். லிண்டெமான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜேர்மன் மொழியில் சொன்னேன்: "அவருக்கு ஞாபகம் இல்லை."

ஜேர்மனில் அது நான்கு சொற்கள். காஸ்ட்ரி என்ற ஓர் உருவம் எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று எட்டு மாதம் மண்டையை உடைத்தவன், தமிழிலிருந்து முப்பது வினாடிப் பேச்சை அப்படி மொழிபெயர்த்தேன்.

தவமணி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் விளக்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். "சொல்லிப்போட்டீங்களோ அண்ணை?"

"ஓம்" என்றேன்.

திங்கட்கிழமை வேறொரு பெண் வந்தார். நிறுவனம் தவமணியை வேறு இடத்துக்கும் அனுப்பவில்லை. மேசையில் இருந்ததை எறிந்தார் என்று எழுதி, தகுதிகாண் காலம் முடியுமுன் நிறுத்திவிட்டது. வேலைக் கடிதம் இல்லாததால் கணேசலிங்கத்தின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைத் தவமணி யாரிடம் கொண்டுவந்தார்? என்னிடம்தான். ஜேர்மன் தெரிந்த ஆள் நான்தானே. எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவருக்காகப் பதினொரு கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் "உங்களுக்குப் பெரிய புண்ணியம் அண்ணை" என்பார். என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பாள். கணேசலிங்கம் வந்து சேரப் பதின்மூன்று மாதம் பிந்தியது. அந்தப் பதின்மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் பொலிஸ்காரர் லொட்ஜைச் சுற்றி வளைத்து அவரைப் பிடித்துக்கொண்டு போய், நாற்பத்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். வந்த பிறகு அந்த நாட்களைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

கூடத்தில் என்ன நடந்தது? எனக்குப் பாராட்டு. தொலைந்த சீட்டுகளை நானே மறுபடி தொகுக்க முன்வந்தேன். ஏழு மாதம், மதிய உணவுகூட மேசையில்தான். நூற்று எண்பத்து நான்கைக் கண்டுபிடித்தேன். மூன்று கிடைக்கவில்லை. அந்த மூன்றும் எந்த நூலிலிருந்து வந்தவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அகராதியில் வயிறு இரண்டரைப் பத்தி. கர்ப்பம் என்ற பொருளுக்குக் கீழே மூன்று மேற்கோள் குறைவாக இருக்கலாம் என்பது எனக்கு மட்டும் தெரியும். "இவ்வளவு பொறுப்பான ஆள் எனக்கு அமைந்ததில்லை" என்று லிண்டெமான் எழுதிக் கொடுத்தார். என் வேலை நிரந்தரமானது. அவர் இறக்கும்வரை நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

தவமணி குடும்பம் பிறகு கொலோனுக்குக் குடிபெயர்ந்தது. கல்யாணவீடுகளிலும் சங்க விழாக்களிலும் சந்திப்போம். கணேசலிங்கம் பகிடிக்காரர். சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கண்டால் ஊருக்கே கேட்கச் சொல்வார்: "இவதான் மாஸ்ரரின்ரை கிரேக்கத்தைத் தூக்கிக் குப்பையிலை போட்டவ! வேலையையும் போட்டவ!" எல்லோரும் சிரிப்பார்கள். தவமணி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். நானும் சிரித்தேன். எத்தனை தடவை என்று எண்ணியிருக்கிறேன். எழுத மாட்டேன்.

இப்படியே முப்பத்தொரு ஆண்டுகள் போயின. அந்த எழுபத்தொரு வரியைத் தபாலில் போட்ட வாரம், அவர்களுக்குச் சொல்லாமலே ரயில் ஏறிக் கொலோனுக்குப் போனேன். கதவைத் திறந்தது கணேசலிங்கம்.

"வாங்கோ மாஸ்ரர்! என்ன திடீரெண்டு? இவ உங்கடை வேறை பெட்டி ஏதும் எறிஞ்சுபோட்டாவோ?"

அவர் முன்னறையில் தொலைக்காட்சிக்குத் திரும்பினார். நான் குசினிக்குள் போனேன். தவமணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். பெட்டி இருந்த இடம், லிண்டெமானிடம் சொன்னது, அந்த நான்கு சொற்கள். வழியில் ரயிலில் ஒத்திகை பார்த்தது போல ஒன்றும் வரவில்லை. அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணை."

"எப்பிடி?"

"பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதோ, எடுத்தது நான்தானே. நீங்கள் சொன்னதுதான் அப்ப விளங்கேல்லை. ஆனால் அந்தச் சத்தம் காதிலை நிண்டது. பிறகு மொழி வகுப்புக்குப் போனன். பதினோராம் பாடம். ரீச்சர் பலகையிலை எழுதி வாசிச்சா, 'ஞாபகம் இல்லை' எண்டு. அதே சத்தம் அண்ணை."

"எந்த வருசம்?"

"அவர் வாறதுக்கு முதல். நீங்கள் எட்டாவது கடிதம் எழுதித் தந்த கிழமை."

மிச்ச மூன்று கடிதத்துக்கும் அவர் வந்தார். ஒவ்வொரு முறையும் புண்ணியம் என்று சொன்னார்.

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா? ஓம் எண்டுவியள். உங்களுக்கு ஓம் சொல்லுறது லேசு. கடிதம் எழுத வேறை ஆளும் எனக்கு இல்லை." கத்தியைக் கழுவி வைத்தார். "என்னட்டைச் சொல்லி என்ன செய்ய? அவரிட்டைச் சொல்லுங்கோ. இஞ்சை வாங்கோ அப்பா! அண்ணை ஒரு கதை சொல்லப்போறார்."

கணேசலிங்கம் வந்து மேசையில் உட்கார்ந்தார். நான் இடது பக்கம் உட்காரப் போக, தவமணி கையால் தடுத்தார். "அந்தப் பக்கம் அவருக்குக் கேளாது. நாற்பத்து மூண்டு நாளோடை போனது. வலப்பக்கம் இருங்கோ." முப்பது ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு அது தெரியாது.

சொன்னேன். முடிந்ததும் கணேசலிங்கம் மனைவியைப் பார்த்தார்.

"நீர் எனக்குச் சொன்னனீர்."

"சொன்னனான். வந்த முதல் மாதமே சொன்னனான். மாஸ்ரர் குருமடத்திலை படிச்ச மனிசன், உமக்குத்தான் பாஷை விளங்கியிருக்காது எண்டியள்."

அவர் தன் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அண்டைக்கு இவ சொன்னதை ஒழுங்கா ஜேர்மனிலை சொல்லியிருந்தா எப்பிடிச் சொல்லியிருப்பியள்? சொல்லுங்கோ பாப்பம்."

ஜேர்மன் மொழியில் சொன்னேன்: "பெட்டி நிலத்தில், குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் இருந்ததாக அவர் சொல்கிறார்." சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

தவமணி அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பாதிதான் அண்ணை சொன்னனீங்கள். எனக்கு ஆர் அப்பிடிச் சொல்லித் தந்தது எண்டும் நான் சொன்னனான். அதையும் சொல்லுங்கோ."

கணேசலிங்கம் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். சொன்னேன்.